பெயரில் ராஜா, சுவரில் மதராஸ்: பினாங்கு செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம்

அரச குடும்பத்தோடு சம்பந்தமுள்ள பழைய தேவாலயம் பினாங்கில் எங்கே என்று கேட்டால், எல்லாக் கையும் லெபோ பார்குவார் தெருவில் இருக்கும் அந்த வெள்ளைக் கட்டடத்தை நோக்கித்தான் நீளும். கிரீடம், சிம்மாசனம், ராணி உட்கார்ந்த நாற்காலி என்று எதையாவது எதிர்பார்த்துப் போனால் பத்தே நிமிடத்தில் வெளியே வந்துவிடுவீர்கள். என்ன பார்க்க வேண்டும் என்று தெரிந்து போனால் ஒன்றரை மணி நேரம் போவது தெரியாது. ஆகவே இந்த மதிப்புரையில் பாதி, கண்ணை எங்கே வைப்பது என்பதைப் பற்றியது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நகரத்தின் பெயரில் இருக்கும் ஜார்ஜ் வேறு, தேவாலயத்தின் பெயரில் இருக்கும் ஜார்ஜ் வேறு. ஜார்ஜ்டவுன் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயரால் வந்தது. தேவாலயம் இங்கிலாந்தின் காவல் புனிதரான ஜார்ஜின் பெயரில் நிற்கிறது. இரண்டையும் ஒன்றாக்கி 'ராஜா பெயரில் கட்டிய கோயில்' என்று சொல்லும் வழிகாட்டிகள் உண்டு. முழுப் பொய் என்று ஒதுக்கவும் முடியாது. மன்னர் பெயர் தாங்கிய ஊரில், அவர் பெயரையே கொண்ட புனிதருக்குத் தேவாலயம் கட்டினால் இரண்டு ஜார்ஜும் ஒரே மரியாதையைப் பங்கிட்டுக்கொள்வார்கள் என்பது கட்டியவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

தீவின் பழைய ஆங்கிலப் பெயரிலும் அரண்மனை வாசம்தான். 1786 ஆகஸ்ட் 11 அன்று கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சிஸ் லைட் இங்கே கொடியேற்றினார். மறுநாள் வேல்ஸ் இளவரசரின், அதாவது இங்கிலாந்துப் பட்டத்து இளவரசரின், பிறந்தநாள். தீவுக்கு 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் ஐலண்ட்' என்று பெயர் விழுந்தது அதனால்தான். தேவாலயம் முடிந்த 1818-ல் மூன்றாம் ஜார்ஜ் மனநலம் குன்றி ஒதுங்கியிருந்தார். அவருக்குப் பதிலாக ஆட்சி நடத்தியவர் அதே இளவரசர். 2017 நவம்பரில் சார்லஸ் கமிலாவோடு பினாங்குக்கு வந்தபோது அவர்தான் வேல்ஸ் இளவரசர். பட்டத்தின் பெயரைத் தாங்கிய தீவுக்குப் பட்டத்துக்காரரே வந்து சேர்ந்தார்.

ஆனால் கட்டடத்துக்குப் பணம் போட்டது மன்னர் அல்ல, கிழக்கிந்தியக் கம்பெனி. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் நேரடியாக அரசியின் காலனியானது 1867-ல்தான். 1858 வரை எல்லாம் கம்பெனிக் கணக்கு. பெயர் ராஜாவுடையது, பணம் கம்பெனியுடையது, உழைப்பு கைதிகளுடையது. இந்தியாவிலிருந்து தண்டனை பெற்றுக் கப்பலேறி வந்தவர்களின் கைகள்தாம் இந்தச் சுவரை எழுப்பின. அவர்களில் ஒருவர் பெயரும் எந்தப் பலகையிலும் இல்லை.

இன்னொரு அரச குடும்பமும் இதில் இருக்கிறது, நமக்குப் பக்கத்திலேயே. தீவு கெடா சுல்தானுடையது. சயாமிடமிருந்து (இன்றைய தாய்லாந்து) பாதுகாப்பு கிடைக்கும் என்று எதிர்பார்த்துத்தான் சுல்தான் அப்துல்லா தீவில் ஆங்கிலேயரைக் குடியேற விட்டார். பாதுகாப்பு வரவில்லை. 1791-ல் தீவைத் திரும்பப் பிடிக்கப் பார்த்துத் தோற்றார். ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர் என்று உடன்படிக்கை ஆனது. சயாமியர் 1821-ல் கெடாவுக்குள் புகுந்தபோது, அப்போதைய சுல்தான் அகமது தாஜுதீன் ஓடிவந்து தஞ்சம் புகுந்ததும் இதே பினாங்கில்தான். தேவாலயத்துக்கு அப்போது வயது மூன்று. சுல்தானைச் சயாமிடம் ஒப்படைக்காமலும், அவருக்காகப் படை அனுப்பாமலும் இருந்த ஆளுநர் வில்லியம் எட்வர்ட் பிலிப்ஸ். இந்தத் தேவாலயத்தில் நடந்த முதல் திருமணத்தின் மாப்பிள்ளையும் அவரேதான். 1818 ஜூன் 20 அன்று, அப்போதைய ஆளுநர் பேனர்மனின் மகள் ஜேனட்டைக் கைப்பிடித்தார். அரச குடும்பத் தொடர்பு என்று யாராவது கேட்டால் இந்த முடிச்சைத்தான் முதலில் சொல்ல வேண்டும். துரதிர்ஷ்டம், சொல்பவர்கள் குறைவு.

சொல்லப்படுவது வேறொன்று. கெடா இளவரசியை லைட் கட்டிக்கொண்டார், பினாங்கு சீதனமாக வந்தது என்ற கதை. கேட்க இனிப்பாக இருக்கும், நம்பத் தேவையில்லை. லைட்டின் துணைவி மார்ட்டினா ரொசெல்ஸ், புக்கெட் பக்கத்துப் போர்த்துகீசியக் கலப்புக் குடும்பத்துப் பெண் என்பதே வரலாற்றாசிரியர் பெரும்பாலோர் சொல்வது. சீதனத் தீவுக்கு எதற்கு வருஷா வருஷம் 6,000 டாலர் என்று ஒரு கேள்வி கேட்டாலே கதை கவிழ்ந்துவிடும்.

இனி கட்டடம். இங்கேதான் நிதானம் தேவை.

சென்னைக்காரர்களுக்கு இது பார்த்த முகம். கதீட்ரல் சாலையில் இருக்கும் செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல் 1815-ல் முடிந்தது. அதை மாதிரியாக வைத்துத்தான் பினாங்கில் 1816-ல் வேலை தொடங்கி 1818-ல் முடித்தார்கள். சென்னையில் 1816-லும் இங்கே 1819 மே 11 அன்றும் அர்ச்சிப்புச் சடங்கை நடத்தியவர் ஒரே ஆள்: கல்கத்தாவின் முதல் ஆங்கிலிக்கன் பேராயர் தாமஸ் மிடில்டன். அக்காள் தங்கை என்று சொன்னால் மிகையில்லை. அக்காளுக்கு நகை அதிகம், தங்கை எளிமைக்காரி.

அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கத் தூணின் தலையைப் பாருங்கள். சென்னைத் தூண்களின் உச்சியில் ஆட்டுக்கொம்பு போல இருபுறமும் சுருள் இருக்கும். அது ஐயோனிக் பாணி. பினாங்கில் சுருளும் இல்லை, இலையும் இல்லை. தூண் மேலே போய், ஒரு தட்டைத் தாங்குவது போல விரிந்து நின்றுவிடும். அது டோரிக். முகப்புத் தூண் ஒன்றின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், வட்டத் தூண் சதுரப் பலகையைச் சந்திக்கும் இடம் தெளிவாகத் தெரியும். அதே கோணத்தில் முகப்பின் முக்கோணத்தையும் அதற்குப் பின்னால் எழும் எண்கோணக் கூம்புக் கோபுரத்தையும் கவனியுங்கள். கிரேக்கக் கோயில் முகப்பும் ஆங்கில ஊர்க் கோபுரமும் ஒரே உடம்பில் பொருந்துவது சுலபமல்ல. கோபுரத்தை மெலிதாக வைத்ததால் இங்கே பொருந்திவிட்டது.

வடிவம் தந்தவர் கம்பெனியின் ராணுவப் பொறியாளர் ராபர்ட் ஸ்மித். ஓவியரும்கூட. அன்றைய பினாங்கை அவர் வரைந்த காட்சிகள் அச்சாகி இன்றும் புழங்குகின்றன. பின்னாளில் டெல்லிக்குப் போய் குதுப் மினாரைப் பழுதுபார்த்து, அதன் உச்சியில் தன் பங்குக்கு ஒரு மண்டபத்தையும் ஏற்றிவைத்தார். அது ஒட்டவில்லை என்று 1848-ல் கீழே இறக்கிவிட்டார்கள். புல்தரையில் இன்றும் 'ஸ்மித்தின் அசட்டுத்தனம்' என்ற பெயரோடு உட்கார்ந்திருக்கிறது. அவர் கை நன்றாக வந்த இடம் டெல்லி அல்ல, பினாங்கு.

இங்கேயும் ஒரு பிசகு நடந்தது: கூரை. முதலில் போட்டது தட்டைக் கூரை. சென்னையில் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர், அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையோடு முடிந்துவிடும். கூரை காய மாதக்கணக்கில் வெயில் கிடைக்கும். பினாங்கில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்குக் குறையாது, மழை இல்லாத மாதம் என்று ஒன்றும் கிடையாது. தட்டைத் தளத்தில் நிற்கும் தண்ணீர் வெடிப்பைத் தேடும், வெடிப்பில் இறங்கும், மர உத்தரம் இருந்தால் அதை ஊறவைக்கும். இந்த ஊர்ப் பருவநிலைக்கு அது சரிவராமல் 1864-ல் சரிவுக் கூரைக்கு மாறினார்கள். ஆகவே இப்போது தெரியும் மேல்பாதி உருவம் 1818-ன் உருவம் அல்ல. முகப்பு முக்கோணத்தை விட்டுப் பக்கவாட்டில் போய் நின்று பார்த்தால் கூரைச் சரிவு முழுதாகத் தெரியும். பெரும்பாலோர் முன்னால் ஒரு படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுவதால் இதைத் தவறவிடுகிறார்கள்.

சுவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. உள்ளே செங்கல், மேலே பூச்சு, கீழே உயர்த்திய கல் அடித்தளம். ஜார்ஜ்டவுனின் பழைய கட்டடங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான நோய், மண்ணிலிருந்து ஏறும் ஈரம். செங்கல் தண்ணீரை உறிஞ்சும், கடலோர மண்ணின் உப்பும் கூடவே ஏறும். சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் ஈரம் அதன் வழியாகவே ஆவியாகி வெளியேறும். சிமென்ட் பூசினாலோ பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தாலோ வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும், உப்பு படிகமாகிப் பூச்சைப் பின்னாலிருந்து தள்ளும், முழங்கால் உயரத்தில் கொப்புளம் கட்டி உதிரும். பழைய சுவரைச் சரியாகப் பராமரிக்கிறார்களா என்று தெரிய இந்த ஒரு முழ உயரத்தைப் பார்த்தால் போதும். இந்தப் பார்வையோடு இங்கிருந்து கிளம்பித் தெருவில் இருக்கும் கடைவீடுகளையும் பாருங்கள், எந்த வீட்டுக்காரர் சிமென்டை நம்பினார் என்பது தானாகத் தெரியும்.

முற்றத்தில் தனியாக நிற்கும் குவிமாடத் தூண் மண்டபம் தேவாலயத்தோடு சேர்த்துக் கட்டியதல்ல. குடியேற்றத்தின் நூற்றாண்டை ஒட்டி 1886-ல் பிரான்சிஸ் லைட் நினைவாக எழுப்பியது. அவர் உடல் அங்கே இல்லை. 1794-ல் மலேரியாவில் இறந்தவரைப் புராட்டஸ்டன்ட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். கார்ன்வாலிஸ் கோட்டையில் நிற்கும் அவர் சிலையின் முகமும் அவருடையதல்ல. உருவப்படம் ஒன்றும் மிஞ்சாததால் மகன் வில்லியம் லைட்டின் சாயலில் வடித்தார்கள். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்தைத் திட்டமிட்டவர் அந்த மகன். தந்தைக்கு இந்த ஊரில் மூன்று நினைவிடங்கள், அதில் ஒன்றில் மட்டுமே ஆள் இருக்கிறார்.

உள்ளே போனால் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். 1941 டிசம்பரில் ஜப்பானியர் படையெடுப்பின்போது கட்டடத்துக்கு வந்த சேதம் கொஞ்சம்தான், ஆனால் உள்ளே இருந்த சாமான்கள் கொள்ளை போய்விட்டன. 1948 வரை வழிபாடே நடக்கவில்லை. ஆக, கண்ணில் படும் மரவேலை எல்லாம் 200 வருஷப் பழையது என்று எண்ணிவிட வேண்டாம். பழமை சுவரிலும் தூணிலும் அளவிலும் இருக்கிறது. நடுவில் நின்று உயரத்தைக் கவனியுங்கள். மின்விசிறி இல்லாத காலத்தில் வெப்பக்காற்று மேலே போய்த் தங்க வேண்டும் என்பதற்காகவே கூரையை அவ்வளவு தூரம் தள்ளிவைத்தார்கள். சுவரில் பதித்த நினைவுக் கற்களை அவசரமில்லாமல் வாசிக்கலாம். அந்தக் காலக் கற்களில் இறந்தவரின் வயதைப் பார்த்துக்கொண்டே வந்தால், காய்ச்சல் எத்தனை இளம் வயதில் ஆளைக் கொண்டுபோனது என்பது புரியும்.

தென்கிழக்காசியாவில் ஆங்கிலிக்கன் சபைக்கென்றே கட்டியவற்றில் இதுவே மிகப் பழையது. 2007-ல் மலேசிய அரசு தேசியப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, மறு ஆண்டு ஜார்ஜ்டவுனே யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. பட்டியலில் இருந்தாலும் இது அருங்காட்சியகம் அல்ல, வழிபாடு நடக்கும் இடம். நடைமுறைச் சிக்கல்கள் வருவதும் இங்கேதான்.

ஞாயிறு காலை சுற்றிப்பார்க்க ஏற்ற நேரமல்ல. வழிபாட்டில் கலந்துகொள்ளப் போனால் வேறு விஷயம், அப்போது கேமராவை வெளியே எடுக்காதீர்கள். சனிக்கிழமைகளில் கல்யாணம் இருந்தால் உள்ளே பார்க்க முடியாது. வார நாளில் காலை ஒன்பதரை, பத்து மணிக்குப் போவது நல்லது. வெயில் ஏறவில்லை, சுற்றுலா பஸ்களும் வந்து குவிந்திருக்காது. கதவு சாத்தியிருந்தால் வெளியே நின்று பார்க்க வேண்டியதை முதலில் முடித்துக்கொண்டு மறுபடி வந்து பாருங்கள், பார்க்க வேண்டியதில் பாதிக்குமேல் வெளியில்தான் இருக்கிறது. செருப்பைக் கழற்ற வேண்டாம். தோளும் முழங்காலும் மூடிய உடை போதும், தொப்பியை மட்டும் ஆண்கள் வாசலிலேயே எடுத்துவிட வேண்டும். உண்டியலில் ஐந்து பத்து வெள்ளி (ரிங்கிட்) போட்டால் குறைந்துவிட மாட்டோம். வெள்ளை அடித்த கட்டடம் சுண்ணாம்புக்குச் சாப்பிடும் காசு கொஞ்சநஞ்சமல்ல.

படம் எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. வெள்ளைச் சுவர் உச்சி வெயிலில் தொலைபேசிப் படத்தில் விவரமே இல்லாமல் வெளுத்துப்போகும். திரையில் சுவரைத் தொட்டு, வெளிச்சத்தை ஒரு படி இறக்கிவிட்டு எடுங்கள், தூணின் நிழல் கோடுகள் திரும்ப வரும். மேகமூட்ட நாள்தான் இதற்கு அருமையான நாள். செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம், அந்த மாதங்களில் குடையில்லாமல் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

கோலாலம்பூரிலிருந்து வருபவர்கள் இடிஎஸ் ரயிலில் பட்டர்வொர்த் வந்து பெர்ரியில் கடலைக் கடந்தால் காரும் வேண்டாம், பார்க்கிங் தலைவலியும் வேண்டாம். ஜெட்டியிலிருந்து தேவாலயம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும், இருபது நிமிட நடை. கிராப் டாக்சி பிடிப்பதைவிட நடப்பதே மேல், ஏனென்றால் வழியிலேயே இன்னும் இரண்டு பழைய சங்கதிகள் இருக்கின்றன. முதலாவது மணிக்கூண்டு. விக்டோரியா அரசியின் 60 ஆண்டு ஆட்சியைக் கொண்டாட 1897-ல் திட்டமிட்டது, ஆண்டுக்கு ஓரடியாக உயரம் 60 அடி. கொஞ்சம் சாய்ந்திருப்பது உங்கள் கண் கோளாறு அல்ல, போர்க்காலக் குண்டுவீச்சின் வேலை. அடுத்தது கார்ன்வாலிஸ் கோட்டை, உள்ளே போகக் கட்டணம் உண்டு. அங்கே இருக்கும் சின்ன ஜெபக்கூடம் 1799-ஐச் சேர்ந்தது. பதிவான முதல் திருமணம் அதே ஆண்டில் நடந்தது, மணமகள் யார் தெரியுமா? லைட் இறந்தபின் மறுமணம் செய்துகொண்ட மார்ட்டினா ரொசெல்ஸ். பெரிய தேவாலயத்துக்குப் போகுமுன் இந்தச் சின்னதைப் பார்த்துவிட்டால், இருபதே வருஷத்தில் குடியேற்றம் எந்த அளவுக்கு வளர்ந்தது என்பதற்குத் தனி விளக்கம் வேண்டாம். பிறகு லெபோ லைட் வழியே நேராக நடந்தால் நீதிமன்றத்தைத் தாண்டித் தேவாலயம்.

பக்கத்தில் இருக்கும் மாநில அருங்காட்சியகக் கட்டடம் முன்பு பினாங்கு ஃப்ரீ ஸ்கூல். அந்தப் பள்ளியை 1816-ல் தொடங்கிய பாதிரியார் ராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ்தான் இந்தத் தேவாலயம் எழும்பவும் முன்னின்றவர்.

இங்கிருந்து இரண்டு வழி. நேரமிருந்தால் முதலில் மேற்கே போங்கள். லெபோ பார்குவாரில் கத்தோலிக்கரின் விண்ணேற்பு மாதா கோயிலைத் தாண்டிப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் நடந்தால், ஜாலான் சுல்தான் அகமது ஷாவில் ஈழத்தலரி (பிராங்கிபனி) மரங்களுக்கு அடியில் புராட்டஸ்டன்ட் கல்லறைத் தோட்டம். லைட் இங்கேதான் கிடக்கிறார். 1859-ல் இறந்த தாமஸ் லியோனவென்ஸ் என்பவரின் கல்லறையையும் தேடிப் பாருங்கள். அவரைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அவர் இறந்ததால் பிழைப்புக்கு வழி தேட வேண்டிவந்த விதவை அன்னா, பின்னர் பாங்காக் அரண்மனைக்குப் போய் மன்னர் மோங்குட்டின் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். மூன்றாவது ராஜ குடும்பமும் கணக்கில் வந்துவிட்டது.

மற்ற வழி தெற்கே, ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங். சீனர்களின் குவான் யின் கோயில், மகா மாரியம்மன் கோயில், பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த காதிர் முகைதீன் மரைக்காயர் 1801-ல் நிறுவிய பள்ளிவாசல் எல்லாம் ஒரே நேர்கோட்டில், பத்து நிமிட நடைக்குள். மாரியம்மன் கோயிலின் வாசல் இருப்பது குவீன் தெருவில், அடுத்த தெருவின் பெயர் கிங் தெரு. நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். ஆகவே கல்லறைத் தோட்டத்தையும் முடித்துவிட்டு அம்மனையும் பார்க்க வேண்டுமானால், தேவாலய வாசலில் ஒன்பதரைக்கு நிற்க வேண்டும், பதினொன்றரைக்குள் குவீன் தெருவுக்கு வந்துவிட வேண்டும். நாசி கண்டார் சோற்றுக்கடை வரிசை அதற்குப் பிறகும் இருக்கும்.